டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு அவர்களும் சமபந்தியும்

ஒரு சமூகத்தார் தம்முட் பிறந்த பெரியோரை நினைவுகூர்வது இருவகைத்து. அவர் நம்மவர் என்று கூறி மகிழ்ந்து, படத்துக்கு மாலை சூட்டிக் கலைந்து செல்லுதல் ஒருவகை. அவர் எதற்காக உழைத்தார், எதற்காக ஏசப்பட்டார், அவ்வுழைப்பில் நமக்கு விட்டுச் சென்ற கடன் யாது என்று ஆராய்ந்து, அக்கடனைத் தீர்க்க முயலுதல் மற்றொரு வகை. முன்னது எளிது, செலவும் சிறிது. பின்னது சற்றே கசப்பானது. ஆயினும் மருந்து கசப்பென்று தள்ளத்தக்கதன்று. அதுவும் நாம் நினைவுகூரப் புகுந்த பெரியவர் ஒரு வைத்தியராயிருக்கும்போது, அக்கசப்புக்கு அஞ்சுதல் அவருக்கே இழுக்காகும். ஆகவே, சேலம் நாமக்கல் சமவெளி ஈன்ற டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு அவர்களின் சரித்திரத்தை இவ்விரண்டாம் வகையில் நம் சங்கத்து அன்பர்களுக்கும், அவர்தம் இல்லத்துப் பெண்மணிகளுக்கும், பள்ளியிற் பயிலும் சிறுவர் சிறுமியர்க்கும் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

நாயுடு அவர்கள் 1887-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4-ஆம் தேதி இராசிபுரத்தில் பிறந்தார். தந்தையார் பெயர் பெருமாள் நாயுடு. அக்காலத்தில் இராசிபுரம் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தபின் அம்மாவட்டத்தில் அடங்கியது. ஒரு புறம் போதமலையும் மற்றொரு புறம் கொல்லிமலையும் காவல் நிற்க, நெய்க்கும் நெசவுக்கும் பெயர்பெற்ற ஊர் அது. கொல்லிமலை மூலிகைகளைப் பற்றியும் அங்கு வாழ்ந்த சித்தர்களைப் பற்றியும் கதை கேளாமல் இப்பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள் இலர். அத்தகைய நிலத்திற் பிறந்தவர் நாட்டு வைத்தியத்தில் நாட்டங்கொண்டது வியப்பன்று. சித்தமும் ஆயுர்வேதமும் பயின்று வைத்தியத் தொழிலில் இறங்கினார். ஜனங்கள் அவரை ‘டாக்டர்’ என்றே அழைத்தனர்; அப்பட்டம் அவர் பெயரோடு ஒன்றி, இறுதிவரை நீங்காது நின்றது.

அந்நாளில் நாட்டு வைத்தியர் நிலை யாதென்பதை இன்றைய இளைஞர் அறிதல் நலம். 1914-இல் சென்னை மாகாணத்தில் வைத்தியர்களைப் பதிவு செய்யும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. மேனாட்டு முறை பயின்றோருக்கே அப்பதிவேட்டில் இடம். கிராமங்களில் கோடிக்கணக்கான மக்களுக்கு நாடி பார்த்துச் சூரணமும் கஷாயமும் கொடுத்துவந்த வைத்தியருக்குச் சர்க்கார் கண்ணில் அந்தஸ்து இல்லை. பின்னர், 1921-இல் முகம்மது உஸ்மான் அவர்கள் தலைமையில் நாட்டு வைத்திய முறைகளை ஆராயக் கமிட்டி அமைத்தனர். 1923-இல் அதன் அறிக்கை வெளிவந்தது. அதன் பயனாகச் சென்னையில் இந்திய வைத்தியப் பள்ளியும் தோன்றிற்று. எனவே நாயுடு அவர்கள் தொழில் தொடங்கிய காலம், சொந்த நாட்டின் வித்தையைக் கற்றவன் சொந்த நாட்டிலேயே இரண்டாம் வரிசையில் நிறுத்தப்பட்ட காலமாகும். பிறப்பாலோ படிப்பாலோ மனிதரை வரிசை பிரித்து வைப்பதன் வேதனையை அவர் ஏட்டிற் படித்து அறியவேண்டிய அவசியம் இருந்ததில்லை.

வைத்தியர்கள் அரசியலிற் புகுதல் அக்காலத்தில் அருமையன்று. சீன தேசத்தில் முடியரசை ஒழித்துக் குடியரசு காண உழைத்த சன் யாட்-சென் வைத்தியர். வடநாட்டில் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்த ஹக்கீம் அஜ்மல்கான் யூனானி வைத்தியர். டாக்டர் அன்சாரியும் அத்தொழிலினரே. நம் மாகாணத்தில் 1916-இல் நீதிக் கட்சியைத் தோற்றுவித்த மூவருள் டாக்டர் டி. எம். நாயர், டாக்டர் சி. நடேச முதலியார் ஆகிய இருவர் வைத்தியர். இதற்குக் காரணம் இல்லாமலில்லை. வக்கீல் கட்சிக்காரரைத் தம் வீட்டுக்கு வரவழைத்துக் காண்பார்; வைத்தியரோ நோயாளியின் வீட்டுக்குச் சென்று காண்பார். அடுப்பங்கரையில் என்ன வேகிறது, எத்தனை பேர் பசியோடு படுக்கிறார்கள், எந்த வாசல் எவருக்கு அடைத்திருக்கிறது என்பதெல்லாம் அவர் கண்ணுக்குத் தப்பா. நடேச முதலியார் சென்னை திருவல்லிக்கேணியில் 1916-இல் பிராமணரல்லாத மாணவர்க்கு விடுதி நிறுவினார். சாதியின் காரணமாகத் தங்க இடமும் உண்ணச் சோறும் கிடையாது தவித்த பிள்ளைகளைக் கண்டதே அதற்குத் தூண்டுகோல். விடுதி, பந்தி, இலை என்னும் சிறு பொருள்களே அந்நூற்றாண்டின் பெரும் அரசியலுக்கு வித்தாயின என்பதை அன்பர்கள் மனத்திற் கொள்வார்களாக.

நாயுடு அவர்கள் நீதிக் கட்சியிற் சேரவில்லை. வங்கப் பிரிவினையை ஒட்டி எழுந்த சுதேசிக் கிளர்ச்சியே இளமையில் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அந்நிய ஆட்சி நீங்கினாலன்றி உள்நோய்களுக்கு மருந்தில்லை என்பது அவர் துணிபு. ஆயினும் பிராமணரல்லாதார் குறைகளை அவர் கண் மூடிப் புறக்கணித்தாரல்லர். காங்கிரசில் இருந்துகொண்டே அக்குறைகளை நீக்க முயல 1917-இல் சென்னை மாகாணச் சங்கம் கேசவப் பிள்ளை அவர்கள் தலைமையில் தோன்றியபோது, அதில் ஈடுபட்டோருள் நாயுடு அவர்களும் ஒருவர். சுயராஜ்யம் வேண்டும், அச்சுயராஜ்யத்தில் அனைவர்க்கும் சமஇடம் வேண்டும், இவ்விரண்டையும் ஒருங்கே கேட்டார். ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிட அவர் இசையாமையே பிற்காலத்து இன்னல்களுக்கெல்லாம் மூலம்.

வைத்தியத் தொழிலில் வந்த வரும்படியை விடுத்து அவர் தேச சேவையிற் குதித்தபோது, அவர்தம் நாவன்மை நாடெங்கும் பரவிற்று. அவரைத் ‘தென்னாட்டுத் திலகர்’ என்று மக்கள் போற்றினர். ஆங்கிலத்தில் பிரசங்கம் செய்து அதனைத் தமிழில் ஒருவர் மொழிபெயர்ப்பதே மரியாதை என்று கருதப்பட்ட நாளில், ஆலைத் தொழிலாளியும் உழவனும் விளங்கிக்கொள்ளும் தமிழில் அவர் பேசினார். 1918-இல் மதுரை விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் நிகழ்த்திய பிரசங்கத்துக்காக அவர்மீது ராஜநிந்தனை வழக்குத் தொடரப்பட்டது. அவ்வழக்கில் அவர் பொருட்டு வாதாடியவர் யார்? அந்நாளில் சேலத்தில் புகழ்பெற்ற வக்கீலாயும் சேலம் நகரசபைத் தலைவராயும் விளங்கிய ஸ்ரீ சி. ராஜகோபாலாச்சாரியார் அவர்கள். மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் அவர்கள் அவருக்குத் துணை நின்றார். ஒருவர் வைஷ்ணவ பிராமணர், ஒருவர் கிறிஸ்தவர், ஒருவர் நாயுடு. மூவரும் ஒரே வழக்கில் ஒரே பக்கம் நின்ற அக்காட்சி நினைக்குந்தோறும் இனிப்பது. அக்காட்சி நீடித்திருக்கலாகாதா என்ற ஏக்கமும் உடன் எழுவது.

பிரசங்கத்தோடு அவர் அமையவில்லை. எழுதுகோலையும் கையில் எடுத்தார். ‘பிரபஞ்சமித்திரன்’ என்னும் வாரப் பத்திரிகையை நடத்தினார். பின்னர்ச் சேலத்திலிருந்து ‘தமிழ்நாடு’ என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். வாரப் பதிப்பாகப் பிறந்த அது, பிற்பாடு சென்னைக்குச் சென்று நாளிதழாக வளர்ந்தது. இம்மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்னும் பெயர் சட்டப்படி வந்தது 1969-இல். அதற்குப் பல்லாண்டு முன்னரே, தெலுங்கு வழங்கும் இல்லங்கள் நிறைந்த ஒரு சமூகத்திற் பிறந்த ஒருவர், தாம் பிறந்து வளர்ந்த மண்ணின் பெயரையே தம் பத்திரிகைக்குச் சூட்டினார். வீட்டு மொழி எதுவாயினும் நாட்டு மொழிக்கு உழைத்தல் கடன் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? பிற்காலத்தில் ‘தினமணி’யின் முதல் ஆசிரியராய்ப் பெயர்பெற்ற டி. எஸ். சொக்கலிங்கம் அவர்கள் பத்திரிகைத் தொழில் பழகியது நாயுடு அவர்களின் ‘தமிழ்நாடு’ காரியாலயத்திலேயாகும். ஒத்துழையாமை இயக்கத்தின்போதும் அதற்கு முன்னும் பின்னும் நாயுடு அவர்கள் பன்முறை சிறை புகுந்தார். சிறைக்குச் செல்லும் பத்திராதிபரின் பத்திரிகைக்குச் சந்தா செலுத்துவதே ஓர் அரசியற் செயலாகக் கருதப்பட்ட காலம் அது.

1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் காங்கிரசில் மூன்று பெயர்கள் ஒரே மூச்சில் சொல்லப்பட்டன: நாயுடு, முதலியார், நாயக்கர். நாயுடு நம் டாக்டர். முதலியார் திரு. வி. கலியாணசுந்தரனார். நாயக்கர் ஈரோட்டு ஈ. வெ. இராமசாமி. இம்மூவரும் பிராமணரல்லாத மக்களைக் காங்கிரசின்பால் ஈர்த்தனர். சேலமும் ஈரோடும் அடுத்தடுத்த ஊர்கள். ஆச்சாரியாரும் நாயுடு அவர்களும் நாயக்கர் அவர்களும் ரயிலேறி ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சென்றுவரத் தக்க தூரம். அத்துணை நெருங்கியிருந்தோரைப் பிரித்தது வெள்ளையர் சூழ்ச்சியன்று. திருநெல்வேலி ஜில்லாவில் தாமிரபரணிக் கரையில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் பந்தியே அவர்களைப் பிரித்தது.

சேரன்மாதேவி குருகுலத்தின் செய்தியைப் பலரும் கேட்டிருப்பர். எனினும் முறையாகக் கூறுதல் இங்கே வேண்டற்பாலது. அதனை நிறுவியவர் வ. வே. சு. ஐயர் அவர்கள். லண்டனில் பாரிஸ்டர் படிப்புக்குச் சென்று புரட்சிக் கூட்டத்திற் சேர்ந்தவர். புதுச்சேரியில் பாரதியாரோடு வாழ்ந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். தேசத்துக்காகச் சிறை சென்றவர். இளைஞர்க்குத் தாய்மொழியில் கல்வியும், கைத்தொழிலும், தேகப்பயிற்சியும் அளித்து, தேசபக்தி மிக்க தலைமுறை ஒன்றை ஆக்குவதே அக்குருகுலத்தின் நோக்கம். அதற்குத் தமிழ்நாட்டிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்ந்த தமிழர் பொருள் உதவினர். உதவியோருள் பிராமணரல்லாதார் பலர். தமிழ்நாட்டுக் காங்கிரஸ் கமிட்டியும் பதினாயிரம் ரூபாய் வாக்களித்து, முதற்கண் ஐயாயிரம் ரூபாய் வழங்கிற்று.

இவ்வளவு உயர்ந்த இடத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டு வந்தது. ஏனைய பிள்ளைகள் வேறிடத்தில் உண்டனர். அங்குப் பயின்றோருள் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அவர்களின் புதல்வரும் ஒருவர் என்றும், அவர் வாயிலாகவே செய்தி வெளிப்பட்டதென்றும் கூறுவர். பிள்ளைகளின் பெற்றோர் விதித்த நிபந்தனைக்கு இசைந்து வாக்களித்துவிட்டமையால் அவ்வேற்பாடு நேர்ந்ததென்பது ஐயர் அவர்களின் சமாதானம். தம்மளவில் அவர் எவரோடும் உண்ணத் தடையில்லாதவர். இதனை நாம் மறைத்தலாகாது. இறந்த பெரியோரைக் குறைத்துப் பேசி நம்மவரை உயர்த்துதல் சரித்திரமாகாது.

ஆனால் நாயுடு அவர்கள் கேட்ட கேள்வி ஐயர் அவர்களின் சொந்த ஒழுக்கத்தைப் பற்றியதன்று. பொதுமக்கள் பணத்தில், தேசத்தின் பெயரால் நடக்கும் ஒரு பள்ளியில், பிறப்பினால் இரண்டு பந்தி இருக்கலாமா என்பதே கேள்வி. அப்பொழுது அவர் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் கமிட்டியின் தலைவர்; நாயக்கர் அவர்கள் காரியதரிசி. மலையாளத்தில் வைக்கம் கோயிலைச் சுற்றிய வீதிகளில் தீண்டாதார் எனப்பட்டோர் நடக்க உரிமை வேண்டிச் சத்தியாக்கிரகம் நடந்து, அதில் நாயக்கர் அவர்கள் சிறையிருந்து மீண்ட சமயம் அது. அங்கே வீதிக்காகப் போராடிய காங்கிரஸ், இங்கே தன் பணத்தில் நடக்கும் சாப்பாட்டுக் கூடத்தைக் காணாததுபோல் இருக்கக்கூடுமோ? நாயுடு அவர்கள் ‘தமிழ்நாடு’ பத்திரிகையிலும் மேடைகளிலும் இதனை எடுத்து விளக்கினார். ஊருக்கு ஊர் கூட்டங்கள் கூடின. சிலர் அவரைப் புகழ்ந்தனர். சிலர் தேச ஒற்றுமையைக் குலைக்கிறார் என்று தூற்றினர்.

1925 மார்ச்சில் மகாத்மா காந்தி சென்னை வந்தபோது விவகாரம் அவர் முன் சென்றது. முன்னரே வாக்குக் கொடுக்கப்பட்ட அவ்விரு பிள்ளைகள் மட்டும் தனியே உண்ணலாம், இனிமேல் சேர்பவர்கள் யாவரும் ஒன்றாகவே உண்ணவேண்டும் என்னும் வகையில் மகாத்மா ஒரு சமரசம் கூறினார். பலருக்கு அது நியாயமாகவே பட்டது. இரண்டே பிள்ளைகள், சில ஆண்டுகளில் படிப்பு முடிந்து போய்விடுவர், அதற்காக இத்தனை கிளர்ச்சி ஏன் என்றனர். நாயுடு அவர்கள் இசையவில்லை. வைத்தியர் கண்ணுக்குப் புண்ணின் அளவு பெரிதன்று. அது எதனால் வந்தது என்பதே பெரிது. இரண்டு பேருக்கு விலக்கு என்று எழுதிவிட்டால், விலக்கே விதியாகி, அடுத்த பள்ளியிலும் அடுத்த விடுதியிலும் அதனை மேற்கோள் காட்டுவார்கள் என்று அவர் பக்கத்தார் கருதினர். அதனினும் முக்கியம், தனி இலையைத் தினந்தோறும் பார்த்துக்கொண்டு உண்ணும் மற்றப் பிள்ளைகளின் மனநிலை. அவர்களுக்கு என்ன சமாதானம் கூறுவது? கொடுத்த வாக்கு ஒரு பக்கத்துப் பெற்றோருக்கு மட்டுமோ? தேசியப் பள்ளி என்று நம்பிப் பிள்ளையை அனுப்பிய மற்றப் பெற்றோருக்கும் ஒரு வாக்கு அதிலே அடங்கியிருக்கவில்லையா?

1925 ஏப்ரல் இறுதியில் திருச்சிராப்பள்ளியில் காங்கிரஸ் கமிட்டி கூடியது. பிறப்பினால் மனிதருள் உயர்வு தாழ்வு பாராட்டுதல் கூடாது என்றும், தேசிய இயக்கத்தில் ஈடுபட்ட ஸ்தாபனங்கள் யாவும் இதனைக் கைக்கொள்ளவேண்டும் என்றும் எஸ். ராமநாதன் அவர்கள் கொண்டுவந்த தீர்மானம் 19 வாக்குகள் சார்பாகவும் 7 வாக்குகள் எதிராகவும் பெற்று நிறைவேறியது. இதனை ஒட்டி ஆச்சாரியாரும், டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் முதலிய வேறு சிலரும் கமிட்டியினின்றும் விலகினர். ஏழாண்டுகளுக்கு முன் எவருக்காக நீதிமன்றத்தில் நின்று வாதாடினாரோ, அவருக்கு எதிர்ப்புறத்தில் ஆச்சாரியார் நிற்கும்படி நேர்ந்தது. பிறர் வழக்கத்தை மனமாற்றத்தால் திருத்தலாமேயன்றித் தீர்மானத்தால் திருத்தலாகாது என்று அக்காலத்தில் கருதியோர் நல்லெண்ணமற்றவர் என்று கூறிவிட முடியாது. ஆயினும் மனமாற்றத்துக்குக் காத்திருக்கும்படி எப்பொழுதும் கேட்கப்படுபவன், வெளியே உட்காரவைக்கப்பட்டவனே அல்லவா? உள்ளே உண்பவனுக்கு அவசரம் இல்லை.

தீர்மானம் நிறைவேறிய சில நாட்களில், மே மாதம் 2-ஆம் தேதி, ஈரோட்டில் ‘குடி அரசு’ பத்திரிகை பிறந்தது. ஜூன் மாதத் தொடக்கத்தில் பாபநாசம் மலையருவியில் தவறி விழுந்த தம் மகளைக் காக்கப் பாய்ந்த வ. வே. சு. ஐயர் அவர்கள் நீரில் மூழ்கி மறைந்தார்கள். நாடு கலங்கிற்று. மகளுக்காக உயிர் ஈந்த அத்தந்தையின் முன் எக்கட்சியாரும் தலைவணங்கவே செய்வர். அவ்வாண்டு நவம்பரில் காஞ்சீபுரத்தில் திரு. வி. க. தலைமையில் கூடிய மகாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் இடம்பெறாமையால் நாயக்கர் அவர்கள் காங்கிரசைவிட்டு வெளியேறினார். நாயுடு அவர்கள் அவ்வழியே செல்லவில்லை. மூவராய் நின்றோர் மூன்று பாதைகளில் நடக்கத் தொடங்கினர். ஒரு பந்தி விரித்த விரிசல் தமிழ்நாட்டின் அடுத்த அரை நூற்றாண்டு அரசியலையே வகுத்தது எனின் மிகையாகாது.

பின்னைய ஆண்டுகள் நாயுடு அவர்களுக்கு எளியனவாக இல்லை. காங்கிரசோடு பிணக்குற்று விலகினார். 1932 செப்டம்பரில் தம் ‘தமிழ்நாடு’ அச்சுக்கூடத்திலிருந்து ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ என்னும் ஆங்கில நாளிதழைத் தொடங்கினார். இன்று இந்திய தேசத்தில் அப்பெயரை அறியாதார் சிலரே. அதனைத் தோற்றுவித்தவர் இராசிபுரத்து நாட்டு வைத்தியர் என்பதை அறிந்தாரும் சிலரே. பொருள் முட்டினால் விரைவிலேயே அதனை எஸ். சதானந்த் அவர்களிடம் ஒப்படைக்க நேர்ந்தது. அதன் பின்னர் அது ராம்நாத் கோயங்கா அவர்கள் கைக்குச் சென்று பெருமரமாயிற்று. நட்டவர் ஒருவர், நிழல் பெற்றவர் பலர். வைத்தியத்திலேயே நின்றிருப்பின் அவர் செல்வராய் வாழ்ந்திருப்பார். பத்திரிகையும் அரசியலும் அவர் கைப்பொருளைத் தின்றன.

இன்னொன்றும் உண்மை கருதிக் கூறவேண்டும். அவர் ஒரே கட்சியில் ஒரே கொடியின்கீழ் வாழ்ந்து முடிந்தவரல்லர். இடையே இந்து மகாசபையிற் சேர்ந்து உழைத்தார். பின்னர் மீண்டும் காங்கிரசுக்கே வந்தார். இம்மாற்றங்களை அவர் பகைவர் எள்ளினர், நண்பர் வருந்தினர். நம் சமூகத்தவர் என்பதற்காக அவர் செய்த அனைத்தும் சரியென்று சாதிக்க நாம் கடமைப்பட்டிலோம். ஆயின் பல ஊர்கள் வழியே ஓடும் ஆற்றின் நீர், எத்தனை வளைவு வளைந்தாலும் பள்ளம் நோக்கியே பாய்வதுபோல, அவர் வாழ்வில் ஒரு போக்கு மாறாமல் இருந்தது. அது 1953-இல் மீண்டும் வெளிப்பட்டது.

அவ்வாண்டு சென்னை மாகாண முதல் மந்திரியாயிருந்த ராஜாஜி அவர்கள் கிராமப் பள்ளிகளுக்குப் புதியதோர் ஆரம்பக் கல்வித் திட்டத்தைக் கொணர்ந்தார். பிள்ளைகள் நாளில் ஒரு பொழுது பள்ளியிற் பயில்வர். மற்றப் பொழுதில் பெற்றோரோடிருந்து குடும்பத் தொழிலைப் பழகுவர். போதிய பள்ளிகளும் ஆசிரியரும் இல்லாத குறையைத் தீர்த்து, ஒரே கட்டடத்தில் இருமடங்கு பிள்ளைகளுக்கு இடம் தரலாம் என்பது அரசாங்கத்தின் வாதம். குயவன் பிள்ளை குயவனாகவும், வண்ணான் பிள்ளை வண்ணானாகவுமே நிலைக்க இது வழி செய்யும் என்று எதிர்த்தோர் அதனைக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்றனர். வெளியே திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் கிளர்ச்சி செய்தன. ஆளுங்கட்சியாகிய காங்கிரசின் உள்ளேயிருந்து எதிர்ப்புக் குரல் எழுப்பியோருள் முன்னின்றவர் நம் டாக்டர் நாயுடு அவர்கள். அப்பொழுது அவருக்கு வயது 66. 1925-இல் பந்தியில் பிறப்பைப் பாராட்டலாகாது என்றவர், 1953-இல் பள்ளியில் பிறப்பைப் பாராட்டலாகாது என்றார். எதிரில் நின்றவரும் அதே சேலத்து நண்பர். 1954 ஏப்ரலில் ராஜாஜி அவர்கள் பதவி விலக, காமராஜர் முதல் மந்திரியானார். மே மாதத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

மூன்றாண்டுகள் கழித்து, 1957 ஜூலை 23-ஆம் தேதி, டாக்டர் வரதராஜுலு நாயுடு அவர்கள் தமது 70-ஆம் வயதில் காலமானார். அவருடன் பேசப்பட்ட நாயக்கர் அவர்களுக்கும், எதிர்நின்ற ஆச்சாரியாருக்கும், திரு. வி. க. அவர்களுக்கும் சரித்திரத்தில் கிடைத்த இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. அவரைத் தமக்கேயுரியவர் என்று நிலையாகக் கொண்டாட ஒரு கட்சி இல்லாமை இதற்கொரு காரணம். ஆகவே அவர் நினைவைக் காக்கும் பொறுப்பு அவர் பிறந்த மண்ணுக்கும் நம்மைப்போன்ற சங்கங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

இங்கேதான் நாம் முதலிற் சொன்ன கசப்பு வருகின்றது. அவர் நம் குலத்தவர் என்று நாம் பெருமை பேசுகின்றோம். அவரோ குலத்தின் பெயரால் தனி இலை போடுவதை எதிர்த்தே தம் நண்பரையும் பதவியையும் பணயம் வைத்தவர். தனிப் பந்தியை எதிர்த்தவரைத் தனிச் சங்கம் கொண்டாடுவது எங்ஙனம் பொருந்தும் என்று ஓர் இளைஞன் நம்மைக் கேட்பின், யாது விடை கூறுவோம்? பிராமணர் நம்மைத் தள்ளி உட்காரவைத்தபோது அது கொடுமை என்று கண்டோம். அதனை எதிர்த்தவரை வீரர் என்கிறோம். நம் வீட்டுக் கலியாணத்தில் நாம் எவரையேனும் தள்ளி உட்காரவைக்கின்றோமா? நம் தோட்டத்தில் உழைப்பவருக்கு வேறு குவளை வைத்த பாட்டனார்களை நம்மிற் பலர் அறிவர். 1925-இல் நாயுடு அவர்கள் எழுப்பிய கேள்வி மேலே நோக்கி எய்த அம்பாக மட்டும் இருக்குமாயின், அது நியாயமாகாது, கோபமாகவே நின்றுவிடும். அவ்வம்பு கீழ்நோக்கியும் எய்யப்பட வேண்டியது. நம் வாசலிலும் வந்து தைக்க வேண்டியது.

சங்கம் கூடாதென்று நாம் கூறவில்லை. ஏழை மாணவருக்கு உதவி, விதவைகளுக்கு ஆதரவு, வேலையில்லா வாலிபருக்கு வழிகாட்டுதல் என்று உறவினர் கூடிச் செய்யத்தக்கவை பலவுண்டு. வைத்தியரும் தம் வீட்டு நோயாளியை முதலிற் பார்ப்பதில் தவறில்லை; தம் வீட்டார்க்கு மட்டுமே மருந்து என்று கதவடைப்பதே தவறு. ஆகவே, அவர் பிறந்த நாளாகிய ஜூன் 4-ஆம் தேதியன்று நாம் படத்துக்கு மாலையிடுவதோடு சிலவற்றைச் செய்யலாம். அன்று சங்கத்தின் பெயரால் ஊர்ப் பொதுவிடத்தில் ஒரு சமபந்தி விருந்து நடத்தி, ஊரில் உள்ள எல்லாத் தெருவாரையும் அழைத்து, நம் குடும்பத்தார் பரிமாறி, பின் அவர்களோடு ஒரே வரிசையில் உண்ணலாம். நாம் அளிக்கும் கல்வி உதவியில் ஒரு பங்கை எக்குலத்து ஏழைப் பிள்ளைக்கும் அவர் பெயரால் வழங்கலாம். நம்மவர் பொறுப்பில் நடக்கும் மாணவர் விடுதிகளிலும் மண்டபங்களிலும் பிறப்பைக் கேட்டு இடம் மறுக்கும் வழக்கம் எங்கேனும் இருப்பின், அதனை நீக்கத் தீர்மானம் செய்யலாம். திருச்சியில் 19 பேர் கைதூக்கிய தீர்மானத்துக்கு நாம் ஒரு நூற்றாண்டு பிந்திக் கைதூக்கினாலும், கைதூக்காமல் இருப்பதினும் நன்று.

இராசிபுரத்துக் கடைவீதியில் நடக்கும் நம் பிள்ளைகள், இவ்வூரிற் பிறந்த ஒருவர் நாடி பிடித்த கையாலேயே பேனாவும் பிடித்தார், விலங்கும் தாங்கினார், தனி இலையையும் அகற்றினார் என்று அறிவார்களாக. அவர் நம்மவர் என்று அவர்கள் சொல்லும்போது, அடுத்த தெருப் பிள்ளையும் தடையின்றி, ஆம், அவர் நம்மவரே என்று உடன் சொல்லும் நிலையை உண்டாக்குவது பெரியவர்களாகிய நம் கடன். அன்றைக்கே டாக்டர் நாயுடு அவர்களுக்கு நாம் செலுத்தவேண்டியது செலுத்தப்பட்டதாகும்.